நாலு ரப்பர் துண்டுக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அந்தக் கை எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே போன முதல் காகிதம் ஒரு விண்ணப்பம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. எழுதியது நான், கையெழுத்துப் போட்டவர் அப்பா.

அப்பா நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். வேன் காண்ட்ராக்டருடையது. ஏழு வருஷமாக அப்பாவும் அப்படித்தான். ஒரே காண்ட்ராக்டரிடம் விட்டுப்போகாமல் இத்தனை வருஷம் ஓட்டினார் என்று அந்தக் காண்ட்ராக்டர் கைப்பட ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தால், சுரங்கத்திலேயே டிரைவர் வேலை பர்மனெண்ட் ஆகிவிடும் என்று பேச்சு இருந்தது. அந்த வருஷம் அப்பாவின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. இண்டர்வியூவுக்கு மூன்று மாதம் இருந்தது. பர்மனெண்ட் என்ற சொல்லை அம்மா சத்தமாகச் சொல்லமாட்டாள். யாராவது சொன்னால் உடனே பேச்சை மாற்றுவாள். கண் பட்டுவிடும் என்று பயம். ஆனால் சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்புக்குள் போகும்போதெல்லாம், எந்த ப்ளாக்கில் எந்தக் குவார்ட்டர்ஸில் ஆளில்லை என்று அவள் கண் தேடிக்கொண்டே போகும்.

வேன் மிகவும் பழையது. எனக்கு மூத்தது என்று மாமா சொல்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதே வேனில் க்ளீனர். வேனின் அடியில், நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில், ஜாக்கியை வைத்துத் தூக்குவதற்கென்று ஒவ்வொரு இரும்புத் தகடு உண்டு. அந்தத் தகட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் பட்டை போல்ட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். இரும்போடு இரும்பு பட்டால் வழுக்கும். நடுவில் ரப்பர் இருந்தால் பிடித்துக்கொள்ளும். வேனில் அந்தப் பட்டைகளில் இரண்டு உடைந்து விழுந்துவிட்டன. மற்ற இரண்டும் வெயிலில் காய்ந்த சுண்டைக்காய் வற்றலைப் போலச் சுருங்கிக் கிடந்தன.

ஒரு நாள் குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் டயர் பஞ்சரானது. அப்பா சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி உட்கார்ந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டதால் பிழைத்தார். மாமா இதை வீட்டில் நடித்தே காட்டினார்.

"டம்முனு ஒரு சத்தம். திரும்பிப் பாக்கறேன், மாமா கையப் பாத்துக்கினு உக்காந்துக்கினு இருக்காரு. ஒண்ணு ரெண்டுன்னு வெரல எண்ணிக்கினு இருக்காரு. பத்து இருக்குதான்னு அவருக்கே சந்தேகம்."

நானும் தம்பியும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா காண்ட்ராக்டரிடம் மூன்று நாலு தடவை பட்டை கேட்டுப் பார்த்தார். "வண்டி ஓடறப்ப அது வேணுமா? நிக்கிறப்பதானே வேணும். நீ வண்டிய நிக்க வெக்காம ஓட்டு" என்று சொல்லி அனுப்பினாராம். கடலூர்க் கடைகளிலும் கிடைக்கவில்லை. அவ்வளவு பழைய வண்டிக்கு யார் பட்டை செய்கிறார்கள்?

நெய்வேலியில் இருப்பவர்களுக்கு ரப்பர் என்றால் ஒன்றே ஒன்றுதான். சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் சுமந்து ஓடும் பெல்ட். கிழிந்துபோனதை வெட்டி ஓரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு விரல் கனம், உள்ளே துணி அடுக்கு, வெளியே கறுப்பு ரப்பர். ஜாக்கிப் பட்டைக்கு அதைவிட நல்ல சரக்கு கிடையாது. அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் கேட்டைத் தாண்டி ஒரு துண்டு வெளியே வர வேண்டுமென்றால் பாஸ் வேண்டும் என்பது விதி.

"பாஸ் வாங்கித்தான் எடுப்பேன்" என்றார் அப்பா.

மாமாவுக்குச் சோறு புரையேறிவிட்டது. "ஏன் மாமா, இந்த ஊர்ல பெல்ட்டுத் துண்டு இல்லாத வூடு ஒண்ணு காட்டு பாக்கலாம். மாட்டுக் கொட்டாயில பெல்ட்டு. தொவைக்கிற கல்லுக்கு அடியில பெல்ட்டு. நம்ம வூட்டு வாசல்ல கால் தொடைக்கிறது என்னா, காஷ்மீர் கம்பளமா? எவன் பாஸ் வாங்கினான்?"

"அவங்க பேரு லிஸ்ட்டுல இல்லடா" என்றார் அப்பா.

மாமா மறுபடி சோற்றில் கை வைத்தார். சாப்பாட்டுப் பைக்குள் பித்தளைத் திருகு ஒன்றை வைத்துக்கொண்டு கேட்டில் பிடிபட்ட ஒருவரின் பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போனது எல்லோருக்கும் தெரியும்.

பாஸ் வேண்டுமானால் எழுதிக் கேட்க வேண்டும். வடலூர் பஸ் ஸ்டாண்டில் மனு எழுதுகிறவர்கள் இருந்தார்கள். அப்பா அங்கே போகவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒரு லெட்டரு எழுதணும். கிழிஞ்ச பெல்ட்டுல நாலு துண்டு வேணும், வண்டிக்கு. பாஸ் குடுங்கய்யா. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. விண்ணப்பம் எழுதும் முறையை அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் நடத்தியிருந்தார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு காரணத்தை விளக்கமாக எழுத வேண்டும், பிறகு பணிவான வேண்டுகோள். காரணம் இல்லாத விண்ணப்பம் உப்பில்லாத சோறு மாதிரி என்று டீச்சர் சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள்; அப்பா, அம்மா, சித்தி வரைக்கும் படித்தவர்கள். அந்த வகுப்பில் விண்ணப்பத்துக்கு முழு மதிப்பெண் வாங்கியது நான் ஒருத்திதான்.

முதலில் ரஃப் நோட்டில் எழுதினேன். அடித்துத் திருத்தினேன். பிறகு கோடு போட்ட தாளில் ஒரு எழுத்து சாயாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் அப்பாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன்.

"எங்கள் வாகனத்தின் அடியில் ஜாக்கி தாங்கும் ரப்பர் பட்டைகள் நான்கும் சிதைந்து உபயோகமற்றுப் போய்விட்டபடியால், சென்ற மாதம் சக்கரம் மாற்றுகையில் வாகனம் ஜாக்கியினின்று வழுவி விழுந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் ஏதும் நேரவில்லை. நாள்தோறும் முப்பது தொழிலாளர்கள் இவ்வாகனத்தில் பயணம் செய்கின்றனர். வாகனத்தின் உரிமையாளரிடம் பலமுறை முறையிட்டும் பயனில்லை. ஆகையால்..."

பேச்சுப் போட்டியில் பேசுவதுபோல, மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு, ஏற்றி இறக்கிப் படித்தேன். அப்பா வாயை லேசாகத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்க்கவில்லை.

"கோயில்ல ஐயரு சொல்றாப்புல இருக்குது" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து, "நாலு துண்டுக்கு இம்மாம் நீளமா எழுதணுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

அப்பா தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். ஐந்து எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, கோலம் போடுவதுபோல வரைந்து முடித்தார்.

நாலாம் நாள் பாஸ் வந்துவிட்டது. முத்திரை குத்தியிருந்தது. கேட்டில் நின்ற காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் சர்வீஸில் பெல்ட்டுத் துண்டுக்குப் பாஸ் காட்டிய முதல் ஆள் நீதான் என்று சொன்னாராம். மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் எழுத்துக்கு முத்திரை விழுந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் எங்கள் வீட்டுக்கு எதிரே முந்திரி மரத்தடியில் நின்றது. அப்பா சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்ற ஒரு காலைப் பொழுது முழுவதும் ஆனது. பழைய பட்டைகள் முழுசாக வரவில்லை. பொடிப்பொடியாக அப்பாவின் முகத்தில் உதிர்ந்தன. பெல்ட்டை வெட்டுவது அதைவிடப் பாடு. கத்தியில் சோப்புத் தண்ணீர் தடவித் தடவி இழுக்க வேண்டும்; இல்லையென்றால் ரப்பர் கத்தியைப் பிடித்துக்கொண்டு விடாது. மாமா இழுத்துப் பிடிக்க, அப்பா வெட்டினார். அடுப்பில் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, போல்ட்டுக்கு ஓட்டை போட்டார்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் கருப்புப் புகை எழுந்து வீட்டுக்குள் போனது. அன்றைய சோற்றில் ரப்பர் வாசனை அடித்தது.

பெல்ட்டின் ஒரு பக்கத்தில் ரப்பர் கனமாக இருக்கும், மறுபக்கத்தில் மெல்லிசாக இருக்கும். கனமான பக்கம் ஜாக்கியைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார் அப்பா. முதல் பட்டையை மாமா தலைகீழாக மாட்டிவிட்டார். அதைக் கழற்றி மறுபடி மாட்டினார்கள். நாலையும் இறுக்கி முடித்ததும் ஜாக்கியைக் கொடுத்து வண்டியைத் தூக்கி, அப்பா தோளால் முட்டித் தள்ளினார். வண்டி அசையவில்லை. அவருக்கு வந்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கேட்டில் வேனை நிறுத்திவிட்டார்கள்.

என் விண்ணப்பத்துக்குப் பாஸ் கொடுத்தவர், அதைப் படித்தும் இருந்தார். படித்தவர் சும்மா இருக்கவில்லை. உள்ளே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸுக்கு அதை அனுப்பிவிட்டார். அங்கிருந்து ஒரு அதிகாரி கையில் தாளோடு ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பது பேரையும் இறக்கி நடந்து போகச் சொன்னார்கள். அப்பா உடனே வண்டிக்கு அடியில் புகுந்து, "பாருங்கய்யா, புதுசு போட்டாச்சுங்க, நாலும் புதுசுங்க" என்று பட்டையைத் தட்டித் தட்டிக் காட்டினாராம். அதிகாரி குனிந்து பார்க்கவில்லை. அவரிடம் இருந்த தாளில் பட்டைகள் நான்கும் சிதைந்து போயிருந்தன. அவர் தாளைத்தான் பார்த்தார். பிறகு பிரேக்கைப் பார்த்தார்கள், ஸ்டீயரிங்கைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கக் குறை வந்துகொண்டே இருந்தது. இனி இந்த வேன் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் மாமா அம்மாவிடம் சொன்னது. இந்தத் தடவை அவர் நடித்துக் காட்டவில்லை. பாடம் எழுதிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: என் விண்ணப்பம் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு, இன்னும் பெரிய ஆபீஸுக்குப் போயிருக்கிறது.

சனிக்கிழமை காலை காண்ட்ராக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டியை விட்டு இறங்காமல் வாசலில் இருந்தபடியே கத்தினார். அப்பா எதிரே நின்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"ஏழு வருஷமா சோறு போட்டவன் மேலயே மனு எழுதுவியாய்யா? பலமுறை முறையிட்டும் பயனில்லையாம்! உனக்கு முறையிடத் தெரியுமா? எவன் எழுதிக் குடுத்தான்? யூனியன்காரனா? இல்ல, எதிர் காண்ட்ராக்டரு ஆளா?"

"யாரும் இல்லீங்க."

"பின்ன, நீயா எழுதின? உன் பேரையே நீ அரை நாள் எழுதுவ."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வடலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளுங்க. பேரு தெரியாது. நாலு துண்டு ரப்பர் வேணும்னுதாங்க நான் சொன்னேன். அவன் என்னா எழுதினான்னு எனக்குத் தெரியாதுங்க. படிக்கத் தெரியாதவங்க நான்."

காண்ட்ராக்டரின் குரல் இறங்கியது. மோட்டார் சைக்கிளிலிருந்தும் இறங்கினார். "அதான பாத்தேன். உனக்கு இந்தப் புத்தி வராதே. சரி, கேளு. திங்கக்கெழமை என்கூட ஆபீஸுக்கு வா. எவனோ எழுதினது, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இதையே அங்கயும் சொல்லு. லெட்டரை வாபஸ் வாங்கிக்கலாம். பிரேக்கை நான் சரி பண்ணிக்கறேன். உன் சர்டிபிகேட்டும் உனக்கு வந்துடும். இண்டர்வியூ எப்ப?"

"இன்னும் ரெண்டு மாசங்க" என்றார் அப்பா.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பொங்கிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு ஆள்! வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, வரிக்கு இரண்டு பிழையோடு, பொருள் எது வேண்டுகோள் எது என்று தெரியாமல் எழுதுகிற ஆள். என் விண்ணப்பத்தை, இரண்டு ஆபீஸ் தாண்டிப் போன என் விண்ணப்பத்தை, அப்பா அவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தேன்.

"அந்த லெட்டர் நான் எழுதினது" என்றேன்.

காண்ட்ராக்டர் திரும்பினார். அப்பா, "உள்ள போ பாப்பா" என்றார்.

"நான்தான் எழுதினேன். அப்பாவுக்குப் படிச்சும் காட்டினேன். கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

"புள்ள ஒளறுதுங்க" என்றார் அப்பா. "வெளயாட்டுப் புள்ள."

என்னைப் பார்த்து உளறுகிறாள் என்கிறார்! உள்ளே ஓடினேன். பைக்குள்ளிருந்து ரஃப் நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தை விரித்துக் காண்ட்ராக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அடித்தல் திருத்தலோடு எல்லாம் இருந்தது. பலமுறை முறையிட்டும் பயனில்லை என்ற வரிக்குக் கீழே, நன்றாக வந்திருக்கிறது என்பதற்காக, நானே ஒரு கோடு போட்டிருந்தேன்.

அவர் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். படித்து முடித்து அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றார்.

நான் அப்பாவை ஒரு பார்வை பார்த்தேன். கேட்டீர்களா என்கிற பார்வை.

காண்ட்ராக்டர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். போகும்போது அப்பாவைப் பார்க்காமல், "நாளையிலேர்ந்து வராத" என்றார். அப்பா அவர் பின்னால் சாலை வரைக்கும் ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

சர்டிபிகேட் வரவில்லை. அது இல்லாமல் இண்டர்வியூவுக்குப் போய் என்ன செய்வது? அப்பா போகவில்லை. வேன் நின்றதால் நாலு மைல் நடந்து ஷிப்டுக்குப் போனவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது, "பாஸ் வாங்கின மகராசன் இருக்காரா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் அப்பா காடாம்புலியூரில் ஒரு முந்திரி வியாபாரியிடம் மூட்டை தூக்கப் போனார். பிறகு பலாப்பழ லாரி. பர்மனெண்ட் என்ற சொல்லை இப்போது யார் சொன்னாலும் அம்மா பேச்சை மாற்றுவதில்லை.

அந்த விண்ணப்பத்தில் ஒரு பொய்கூட இல்லை என்று இன்றைக்கும் நான் சொல்வேன். அந்த வேனில் தினமும் முப்பது பேர் போனார்கள். அதன் பிரேக் பிடிக்கவில்லை. இப்போது நான் ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். என் மேசைக்கும் விண்ணப்பங்கள் வருகின்றன. நாலு துண்டு வேண்டும், கொடுங்கள் என்று ஒரே வரியில் வருகிறவற்றை நான் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுகிறேன். விளக்கமாக எழுதியிருப்பவற்றை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். கைப்பட எழுதியவர் யார், கையெழுத்துப் போட்டவர் யார் என்று தோன்றும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அன்றிலிருந்து மூன்று நாள் நான் அப்பாவிடம் பேசவில்லை. அவர் கூப்பிட்டால் திரும்பவில்லை. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு என்னா தெரியும்? வுடு" என்றார். எனக்கு என்ன தெரியும் என்று அவர் சொன்னதும் என் கோபத்தில் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்த்துப் பழக்கமில்லை. நேராகப் போய் எதிரே நின்று கேட்டேன்.

"ஏம்பா பஸ் ஸ்டாண்டு ஆளு எழுதினான்னு சொன்ன? என் எழுத்து அவ்வளவு மோசமா?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான் பாப்பா" என்றார். "உன் பேரைத்தான் சொல்லியிருக்கணும்."

"இனிமே சொல்லுவியா?"

"சொல்றேன்."

தலையை நிமிர்த்தாமலே சொன்னார். செய்த தப்புக்கு உண்மையாகவே வருந்துகிறார் என்று எனக்குப் பட்டது. வருந்துகிறவரிடம் மேலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது படித்த பெண்ணுக்கு அழகில்லை என்று நினைத்தேன். போனால் போகிறதென்று அப்பாவை மன்னித்துவிட்டேன்.